பினாங்கில் ஒரு கொண்டோ கையில் இருந்தால்: தினவாடகையா, மாதக் கணக்கா, ஆண்டு ஒப்பந்தமா?

கல்யாணப் பந்தியில் இந்தக் கணக்கைக் கேட்காதவர்கள் பினாங்கில் குறைவு. "ஒரு ராத்திரிக்கு இருநூறு வெள்ளி. மாசத்துக்கு முப்பது ராத்திரி. ஆறாயிரம்! நீ என்னடான்னா ஆயிரத்து ஐந்நூறுக்கு வாடகைக்கு விட்டுட்டு உட்கார்ந்திருக்கே?" (வெள்ளி என்றால் ரிங்கிட்தான்.) சொல்கிற மாமாவுக்கு அப்படி ஒரு வீடு இருக்காது. இருந்திருந்தால் முப்பது ராத்திரி என்று அத்தனை சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. தினவாடகைக்கு விடலாமா கூடாதா என்பதை மூன்று காகிதங்கள் முடிவு செய்கின்றன: உங்கள் கிராண்ட் (வீட்டின் உரிமைப் பத்திரம்), கட்டடத்தின் விதிகள், மாநகர் மன்றத்தின் லைசென்ஸ். இவற்றில் முதலாவது மட்டும்தான் உங்கள் பெயரில் இருக்கிறது. மற்ற இரண்டும் அடுத்தவர் கையில் இருப்பவை. கொடுத்தவர்களே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். நான் ஒரு கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கென்று வாடகைக்கு விட்ட வீடும் ஒன்று உண்டு. என் பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதை வைத்துக் கணித்துக்கொள்ளுங்கள்.

கிராண்டைத் திறந்து பாருங்கள்

வங்கிக் கடன் இன்னும் முடியாதவர்களிடம் அசல் இருக்காது, நகல் போதும். அதில் நிலப் பயன்பாட்டு வகை 'பாங்குனான்', அதாவது கட்டடம், என்று இருக்கும். பலர் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். கீழே 'ஷாரத் ஞாத்தா' என்று இன்னொரு வரி இருக்கும்: வெளிப்படையான நிபந்தனை. குடியிருப்புக்கா, வணிகத்துக்கா என்பது அங்கேதான் எழுதியிருக்கும். பார்ப்பதற்கு இரண்டு கட்டடமும் ஒரே மாதிரி நாற்பது மாடி, ஒரே மாதிரி நீச்சல்குளம், ஒரே மாதிரி கண்ணாடி லாபி. ஒன்று குடியிருப்பு நிலத்தில் எழும்பிய கொண்டோ, மற்றது வணிக நிலத்தில் எழும்பிய சர்வீஸ் அபார்ட்மென்ட். விற்பனை மண்டபத்தில் ஏஜென்ட் சொன்னதையோ விளம்பரத் தாளில் 'ரெசிடென்ஸ்', 'சூட்ஸ்' என்று அச்சடித்திருந்ததையோ வைத்து முடிவுக்கு வராதீர்கள். பெயர் வைப்பது விற்பனைப் பிரிவின் வேலை. நிலச் சட்டப்படி செல்வது அந்த ஒரு வரிதான். அதை மீறிப் பயன்படுத்தினால் நில அலுவலகம் நடவடிக்கை எடுக்கலாம். எல்லை மீறிய கட்டத்தில் நிலத்தையே அரசு திரும்ப எடுத்துக்கொள்ளவும் தேசிய நிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு கொண்டோ வீட்டுக்காக அவ்வளவு தூரம் போவார்களா என்பது வேறு விஷயம்.

பினாங்குத் தீவில் இந்த வரிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2023-இல் மாநில அரசு குறுகிய கால வாடகைக்கான வழிகாட்டி விதிகளை வெளியிட்டது. தீவில் குடியிருப்பு அடுக்குமாடிகளில் தினவாடகைக்கு இடமில்லை; வணிக வகையைச் சேர்ந்த சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்றவற்றில் மட்டும், அதுவும் கட்டட நிர்வாகத்தின் சம்மதத்தோடும் மாநகர் மன்றத்தின் பதிவோடும்தான் நடத்தலாம் என்பது அதன் சாரம். ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ அப்பா வாங்கிப் போட்ட குடியிருப்பு கொண்டோ உங்களிடம் இருக்கிறது என்றால் தினவாடகைப் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நேராக மாதக் கணக்குப் பகுதிக்குப் போய்விடுங்கள். "எல்லாரும் செய்றாங்களே" என்பது பதிலாகாது. எல்லாரும் செய்வதை மன்றமும் இணையத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டின் படம், கட்டடத்தின் பெயர், எந்த மாடியிலிருந்து கடல் தெரிகிறது என்பது வரை நாமே விளம்பரத்தில் போட்டு வைத்திருக்கிறோம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் எல்லாம் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் கீழ் வருகின்றன. தீவின் மன்றம் வேறு, முகப்பு வேறு. தீவின் மன்றம் இருக்கும் கொம்தாரில் கேட்டு வந்த பதிலை அங்கே செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தனியாகப் போய்க் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கட்டடம் 'வேண்டாம்' என்றால்

வணிக நிலம்தான் என்று உறுதியானதும் பாதிக் கிணறு தாண்டியது போல. மீதியைத் தாண்ட விடுவதா இல்லையா என்பது அண்டை வீட்டுக்காரர்கள் பாடு.

இதற்கு அடித்தளம் போட்டது கோலாலம்பூர் வழக்கு ஒன்று. மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் கட்டடத்தின் நிர்வாக மன்றம், தினவாடகையைத் தடை செய்து தனி விதி ஒன்றை நிறைவேற்றியது. மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம். சில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. உரிமையாளர்கள் பிடித்துக்கொண்டது 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி உரிமை) நிர்வாகச் சட்டத்தின் 70-ஆவது பிரிவை. ஒரு வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ அது போன்ற பரிவர்த்தனைகளையோ நிர்வாகத்தின் கூடுதல் விதிகள் தடுக்க முடியாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நியாயமான வாதம்தான். ஆனால் நீதிமன்றம் வேறு கோணத்தில் பார்த்தது. இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர் குத்தகைக்காரர் கிடையாது, அவருக்கு இருப்பது வெறும் அனுமதி. அனுமதி கொடுப்பது அந்தப் பிரிவு பாதுகாக்கும் பரிவர்த்தனையில் சேராது. ஆகவே நிர்வாகம் தடை போடலாம் என்று தீர்ப்பானது.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது ஒன்று உண்டு. தினவாடகையில் உரிமையாளர்களுக்குப் பிடித்ததே, வந்தவர் வீட்டுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதுதான். வெளியே போகச் சொன்னால் போயாக வேண்டும், கோர்ட் வாசல் மிதிக்க வேண்டியதில்லை. அந்த வசதி எந்தச் சட்ட நிலையிலிருந்து வருகிறதோ, அதே நிலைதான் அண்டை வீட்டாருக்குத் தடை போடும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

தடை போடுவது எத்தனை கடினம்? சிறப்புத் தீர்மானம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு, செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. காகிதத்தில் பெரிய மலையாகத் தெரியும். ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும் உண்மை. முந்நூறு வீடு உள்ள கட்டடத்தில் கூட்டத்துக்கு வருபவர்கள் ஒரு மண்டபத்தின் பாதியை நிரப்ப மாட்டார்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு வாக்கு கிடையாது. முதலீட்டுக்காக வாங்கியவர்கள் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ இருப்பார்கள், பதிலாள் படிவம் அனுப்பவும் சோம்பல். வருகிறவர்கள் யார்? அங்கேயே குடியிருப்பவர்கள். விடியற்காலை நாலு மணிக்கு விமானம் பிடிக்க ஓடுகிற பெட்டிச் சக்கரங்களின் சத்தத்தைக் கைபேசியில் பிடித்துவைத்து, கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே வைத்துப் போட்டுக் காட்டிய சீனப் பாட்டி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

குடியிருப்பவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் படிக்கட்டுக் கம்பியில் எண்பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே சாவி, அக்சஸ் கார்டு. இரவு பதினொன்றரைக்கு வந்து இறங்குகிற குடும்பம் கைபேசி வெளிச்சத்தில் நான்கு இலக்க எண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கும், பிள்ளை ஒன்று தூக்கத்தில் சிணுங்கும். காவலர் "எந்த வீடு?" என்று கேட்டால் "ஃப்ரெண்ட் வீடு" என்று பதில் வரும். ஃப்ரெண்டின் பெயரைக் கேட்டால் போனை எடுத்துத் தேடுவார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் காவலருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

கோலாலம்பூரில் வீடு இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். அங்கே மாநில அரசு என்று ஒன்று இல்லை. கூட்டரசுப் பிரதேசம், டிபிகேஎல் எனும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஆட்சி, திட்ட அனுமதிக்கும் ஹோட்டலுக்கும் தனிச் சட்டங்கள். தினவாடகை நடக்குமா நடக்காதா என்பதில் அன்றாடம் பலிப்பது கட்டடத்தின் விதிதான். புக்கிட் பிந்தாங்கில் ஒரு கட்டடம் வரவேற்பு மேசை போட்டு விருந்தாளிகளை வரவேற்கும். தெருவைத் தாண்டினால் அடுத்த கட்டடத்தில் காவலர் பெட்டியோடு வருபவரைத் திருப்பி அனுப்புவார். தைப்பூசத்துக்குப் பத்துமலை வருகிறவர்களை நம்பி வீடு பார்க்கிறவர்கள் கவனிக்க: பத்துமலை சிலாங்கூரில் இருக்கிறது, செலாயாங் மன்றத்தின் கீழ். டிபிகேஎல் விதிகள் அங்கே செல்லாது.

மன்றத்தின் லைசென்ஸ்

கிராண்டும் சரி, கட்டடமும் சரி என்றால் மன்றத்தின் லைசென்ஸ் பிரிவு. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு. மன்றம் கொடுக்கும் லைசென்ஸை எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், இழப்பீடு கேட்க முடியாது. ஒரு லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டவும் முடியாது. நாசிக் கண்டார் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் இதே சட்டம்தான், அவர்களெல்லாம் பிழைக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் முடிதிருத்தும் கடைக்கு எதிராக மேல்மாடிப் பாட்டி ஒலிப்பதிவு கொண்டு வருவதில்லை. தினவாடகையில் புகார் என்பது தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. அதனால் அறுபதாயிரம் வெள்ளி செலவழித்து உள்ளலங்காரம் செய்து, அதைப் பத்து ஆண்டில் மீட்பேன் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் முதலீட்டின் ஆயுள் லைசென்ஸின் ஆயுளுக்குள் அடங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் பதித்த அலமாரியை விட, எடுத்துக்கொண்டு போகக்கூடிய கட்டிலும் சோபாவும் மேல்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் தங்கினால் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பரில் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து இணையத் தளங்கள் வழியாக நடக்கும் பதிவுகளுக்கு அந்தத் தளங்களே வசூலிக்கின்றன. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்த வரி இல்லை. வருமான வரியில் வேறுபாடு கொஞ்சம் நுட்பம்: வீட்டைச் சும்மா வாடகைக்கு விட்டால் அது வாடகை வருமானம். துணி மாற்றுவது, தினம் சுத்தம் செய்வது, ஆளை வரவேற்பது என்று சேவையும் சேர்ந்து நடந்தால் அதை வணிக வருமானமாகப் பார்க்க வருமான வரி வாரியத்துக்கு இடமுண்டு. அப்படியானால் வணிக வருமானம் இல்லாதவர்களுக்கான படிவம் பிஇ போய், இருப்பவர்களுக்கான படிவம் பி வரும். பயப்பட ஒன்றுமில்லை. கழிக்கக்கூடிய செலவுகள் கூடவே செய்யும், ஆனால் ரசீதுகளைப் பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டும்.

மாமாவின் ஆறாயிரம்

இப்போது கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் போட்டவை, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கையறை வீடு, ஒரு ராத்திரிக்கு 180 ரிங்கிட், மாதத்தில் 14 ராத்திரி நிரம்பியது, ஒவ்வொரு குழுவும் இரண்டு ராத்திரி தங்கியது என்று வைத்துக்கொள்வோம். வரவு 2,520. ஏழு முறை சுத்தம் செய்ய முறைக்கு 80 வீதம் 560. தளத்தின் கமிஷன் 15 விழுக்காடு என்றால் 378. மின்சாரம், தண்ணீர், இணையம் 350. குளிர்சாதனத்தைப் பதினாறு டிகிரியில் வைத்துவிட்டுக் கொடிமலைக்குக் கிளம்பிப் போகிற விருந்தாளிகள் நிஜம். துண்டு, சோப்பு, உடைந்த கண்ணாடிக் குவளை, அடைத்த சிங்க் 150. மிச்சம் 1,082.

அதே வீட்டை ஆண்டு ஒப்பந்தத்தில் 1,500-க்கு விட்டிருந்தால் மின்சாரமும் தண்ணீரும் குடியிருப்பவர் பாடு, 1,500 அப்படியே உங்களுக்கு. பராமரிப்புக் கட்டணமும் அதன் மேல் பத்து விழுக்காடு சேமநிதியும் எப்படி விட்டாலும் உங்கள் தலையில்தான். அதனால் அதை இரண்டு பக்கத்திலும் கழிக்கவில்லை.

மின்சாரம், சோப்புச் செலவுகள் கூடவில்லை என்றே வைத்தாலும் 18 ராத்திரி நிரம்பும்போதுதான் தினவாடகை அந்த 1,500-ஐத் தொடுகிறது. 22 ராத்திரி நிரம்பினால் கிட்டத்தட்ட 2,000 நிற்கும். அதாவது மாதத்தில் நான்கில் மூன்று பங்கு வீடு நிரம்பினால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுமார் ஐந்நூறு வெள்ளி. அந்த ஐந்நூறுக்கு நீங்கள் இரவு பதினொன்றரைக்குப் போன் எடுக்க வேண்டும். உங்களால் முடியாது, நடத்துநர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றால் அவர் மொத்த வரவில் 20 விழுக்காடு கேட்பதாக வைத்துக்கொண்டாலும் 792 போய்விடும், உங்கள் கைக்கு 1,200 கூட வராது. நடத்துநர் "மாதம் இவ்வளவு உத்தரவாதம்" என்று எழுதித் தந்தால் கதை வேறு. அப்போது அந்த ஒப்பந்தத்தில் லைசென்ஸ் யார் பெயரில், நிர்வாகம் போடும் அபராதம் யார் தலையில் என்ற இரண்டு வரியைத் தேடுங்கள். வீட்டு உரிமையாளர் என்ற முறையில் கட்டடம் தேடி வருவது உங்களைத்தான்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு அறை கிடைக்காது, ராத்திரிக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். கொடுப்பார்கள்தான். மூன்று நாள். சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை, டிசம்பர் கடைசி என்று சேர்த்தாலும், பங்குனி வெயிலில் செவ்வாய்க்கிழமை ராத்திரி யார் வருவார் என்பதுதான் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

தினவாடகை யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். வணிக நிலத்தில் கடற்கரையையோ ஜார்ஜ்டவுனையோ ஒட்டிய வீடு, வரவேற்பு மேசையோடு இதற்காகவே கட்டிய கட்டடம், பெரும்பாலான உரிமையாளர்களும் அதே தொழிலில் இருப்பதால் கூட்டத்தில் தடைத் தீர்மானம் நிறைவேறும் வாய்ப்பே இல்லாத நிலை, பக்கத்திலேயே குடியிருந்து தொழிலைத் தானே பார்க்கும் உரிமையாளர். இந்த நான்கும் பொருந்துகிறவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் மாமா ஆறாயிரம் என்கிறார். ஆண்டில் சில வாரம் தாங்களே வந்து தங்க நினைக்கும் குடும்பங்களுக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து பிள்ளைகள் வந்து போகிற வீடு மாதிரி, இது ஒத்துவரும். ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டால் சொந்த வீட்டில் தங்க இடமிருக்காது.

மாதக் கணக்கு

பேச்சில் அதிகம் அடிபடாத வழி இது. பினாங்கில் இதற்கான ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். மேடானிலிருந்து சிகிச்சைக்கு வருகிற இந்தோனேசியக் குடும்பங்கள் ஒரு வகை. நோயாளி மருத்துவமனையில், கூட வந்த இரண்டு பேருக்கு சமையலறையோடு ஒரு வீடு வேண்டும், மூன்று வாரமோ இரண்டு மாதமோ. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் புது இயந்திரம் நிறுவ வருகிற பொறியாளர்கள் இன்னொரு வகை, வாடகையை நிறுவனமே கட்டும். வீடு புதுப்பிக்கும்போது மூன்று மாதம் எங்காவது இருக்க வேண்டிய உள்ளூர்க் குடும்பங்கள் மூன்றாவது.

கணக்கு இப்படி: சாமான்களோடு மாதம் 2,100, ஆண்டில் பத்து மாதம் நிரம்பியது என்றால் 21,000. மின்சாரம், இணையம் நீங்கள் கட்டுவதாக மாதம் 200 கழித்தால் 19,000. ஆண்டு ஒப்பந்தத்தில் 1,500 வீதம் 18,000. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வீடு அடிக்கடி உங்கள் கைக்குத் திரும்பி வரும். நீங்களே போய்ப் பார்க்கலாம், ஒழுகுகிற குழாயை மாற்றலாம், வேண்டுமென்றால் விற்கவும் காட்டலாம். இரவு நேரத் தொல்லை இல்லை. ஒவ்வொருவரையும் நிர்வாக அலுவலகத்தில் பெயர் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் காவலருக்கும் முகம் பழகிவிடும், அண்டை வீட்டாருக்கும் முறையிட ஒன்றும் இருக்காது.

ஒரு நிபந்தனை. கட்டட விதிகளில் குறைந்தபட்சம் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும். சில கட்டடங்கள் தினவாடகையைத் தடுப்பதற்காக எழுதும் விதியிலேயே ஆறு மாதத்துக்குக் குறைந்த எதுவும் கூடாது என்று போட்டுவிடுகின்றன. அப்படி இருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிட்டது. இல்லையென்றால், குடியிருப்பு நிலத்தில் ஒரே ஒரு கொண்டோ வைத்திருக்கும் நம்மவர்கள் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறையும் சிறியதானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு முத்திரையிட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டு ஒப்பந்தம்

இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்ற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மன்றத்திடம் போக வேண்டியதில்லை, அண்டை வீட்டார் வாக்கும் வேண்டியதில்லை; இப்படி விடுவதைத்தான் 70-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. தோல்வி வந்தால் எங்கே வரும் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கட்டாமல் உட்கார்ந்துவிட்டவரைப் பூட்டை மாற்றி வெளியே தள்ள முடியாது. 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 7-ஆவது பிரிவின்படி நீதிமன்ற ஆணை வேண்டும். பாக்கிக்காக 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின் கீழ் அவருடைய சாமான்களை ஜப்தி செய்யக் கேட்கலாம், பன்னிரண்டு மாத பாக்கி வரை. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது என்பதால், முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். குளுகோரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விடுகிறவர்கள் பெற்றோர் ஒருவரை உத்தரவாதியாகச் சேர்ப்பது நல்லது.

பாட்டன் காலத்துக் கடைவீடு என்றால்

லெபோ குயினிலோ லெபோ பாசாரிலோ பாட்டன் காலத்துக் கடைவீட்டின் மேல்மாடி காலியாக இருக்கிறது, அதைச் சின்ன விடுதியாக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. இது முற்றிலும் வேறு ஆட்டம். ஸ்ட்ராட்டா இல்லை, அண்டை வீட்டார் வாக்கு இல்லை, ஆனால் 2008 முதல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி, 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் ஒன்று அங்கே செல்லுகிறது. வீட்டை விடுதியாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். திட்ட அனுமதி இல்லாமல் செய்தால் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். ஓட்டை மாற்ற, மரச் சன்னலை மாற்ற, காற்று வரும் முற்றத்தை மூட எல்லாவற்றுக்கும் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவு பார்க்கும். ஆர்க்கிடெக்ட் வேண்டும். மரத் தளமும் ஒற்றைப் படிக்கட்டும் உள்ள வீட்டில் தீயணைப்புத் துறை என்ன கேட்கும் என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான திட்டங்கள் நின்றுபோவது அவர்கள் கேட்கும் இரண்டாவது படிக்கட்டில்தான். பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு நல்ல தொழில். வாரிசுகள் ஐந்து பேர் பெயரில் கிராண்ட் இருந்தால் முதலில் அந்த ஐந்து கையெழுத்தைச் சேர்த்து வாருங்கள், ஆர்க்கிடெக்ட் அப்புறம்.

இன்னும் வாங்கவில்லை என்றால்

தினவாடகையை நம்பி வீடு வாங்கப் போகிறவர்கள் முன்பதிவுப் பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஸ்ட்ராட்டா கிராண்டின் நகல், கட்டடத்தின் கூடுதல் விதிகள், கடைசி இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதில்தான் சரக்கு இருக்கிறது. இந்த ஆண்டு தடை இல்லை என்று விதிப் புத்தகம் சொல்லும். போன கூட்டத்தில் தடைத் தீர்மானம் எத்தனை வாக்கில் தோற்றது என்று குறிப்பு சொல்லும். நூறில் எழுபது பேர் ஆதரித்துத் தோற்றிருந்தால் அடுத்த கூட்டத்தில் எதிர்த்தவர்களில் ஐந்து பேர் மனம் மாறினாலோ, ஆதரிப்பவர்கள் இன்னும் இருபது பேர் வந்தாலோ போதும். புதுக் கட்டடம், இன்னும் பொதுக்கூட்டமே நடக்கவில்லை என்றால், மேம்பாட்டாளரின் ஏஜென்ட் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் அந்த முதல் கூட்டம் வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆண்டு வாடகைக்கு விட்டாலும் தவணை கட்ட முடிகிற விலையா என்று மட்டும் அப்போது பாருங்கள்.